மூன்று நாள் கூலித் தொலைவில் வறுமை

மதுரையில் வேலை கிடைப்பதில்லை என்று பொதுவாகச் சொல்கிறோம். மதுரையில் வேலை தொடர்ந்து கிடைப்பதில்லை என்று சொன்னால்தான் அது சரியாக இருக்கும். கேட்பதற்கு இரண்டும் ஒன்றுபோலத்தான் இருக்கின்றன. ஆனால், முதல் வாக்கியத்தை நம்புகிற அரசு தொழிற்பூங்காவுக்கு இடம் தேடும். இரண்டாவதை நம்புகிற அரசு உழைப்பாளியின் வேலை நாள்களை எண்ணத் தொடங்கும். இந்த நகரத்தில் உழைக்காமல் இருப்பவர்கள் மிகக் குறைவு. விடிவதற்கு முன்பே மாட்டுத்தாவணியில் பூ மூட்டைகள் இறங்கிவிடுகின்றன. பரவை மார்க்கெட்டில் காய்கறி லாரிகளைச் சுற்றி லோடுமேன்கள் நிற்கிறார்கள். செல்லூரில் தறி ஓடுகிறது, ஜெய்ஹிந்துபுரத்துப் பட்டறைகளில் லேத் சுழல்கிறது, மாசி வீதிகளின் மொத்தக் கடைகளில் இரவு வரை சரக்கு கட்டுகிறார்கள். இவ்வளவு உழைப்பு நடக்கிற ஊரில், மாதக் கடைசியில் அரிசிக்கும் வாடகைக்கும் கடன் வாங்க வேண்டிய குடும்பங்கள் இத்தனை இருப்பது ஏன்? மாதத்தில் எத்தனை நாள் வேலை, அந்த நாள்கள் முன்கூட்டித் தெரிந்தவையா, கூலி என்றைக்குக் கைக்கு வரும் என்ற மூன்று கேள்விகளுக்குள்தான் இதற்கான விடை இருக்கிறது. இந்த மூன்றையும் நம் ஆட்சியமைப்பு கேட்பதே இல்லை.

கேட்காததற்குக் காரணம் நம் புள்ளிவிவரங்களின் கட்டமைப்பிலேயே இருக்கிறது. ஒன்றிய அரசின் காலமுறைத் தொழிலாளர் ஆய்வின் வாராந்திர அளவுகோலின்படி, முந்தைய ஏழு நாள்களில் ஒரே ஒரு மணி நேரம் கூலிக்கு உழைத்திருந்தாலும் ஒருவர் ‘வேலையில் இருப்பவர்’. ஆண்டு முழுவதையும் பார்க்கும் அளவுகோலில், துணைத் தொழிலாக 30 நாள் உழைத்திருந்தால் போதும். இந்த இரண்டாவது அளவுகோலின்படிதான் 2023-24இல் நாட்டின் வேலையின்மை 3.2 சதவீதம் என்று வந்தது. இதில் மோசடி எதுவும் இல்லை. உலக நாடுகள் பலவும் பின்பற்றும் வரையறைக்கு நெருக்கமானதுதான் இது. ஆனால், மாதச் சம்பளம் வாங்குபவர்கள் பெரும்பான்மையாக இருக்கும் நாட்டுக்கு இந்த அளவுகோல் பொருந்துகிற அளவுக்கு, நாள் கூலியில் ஓடும் நகரத்துக்குப் பொருந்தாது. வாரத்தில் மூன்று நாள் கல் சுமந்த சித்தாளும், வாரம் முழுவதும் பணிக்குச் சென்ற அரசு அலுவலரும் ஒரே கட்டத்துக்குள் அடங்கிவிடுகிறார்கள். 2025 முதல் இந்த ஆய்வு மாதந்தோறும் வெளியாகிறது, மாதிரித் தேர்வுக்கு மாவட்டமே அடிப்படை அலகாகவும் ஆகியிருக்கிறது. நல்ல மாற்றம். ஆனாலும் ஒரு மாநகராட்சி தன் எல்லைக்குள் உழைப்பவர்களைப் பற்றித் தெரிந்துகொள்ள அது போதாது. 2021இல் நடந்திருக்க வேண்டிய மக்கள்தொகைக் கணக்கெடுப்பு 2027க்குத் தள்ளிப்போனதால், மதுரை இன்னும் 2011ஆம் ஆண்டின் எண்களோடுதான் ஒன்றிய அரசின் முன் நிற்கிறது. 2025 நவம்பரில் மெட்ரோ ரயில் திட்டம் திருப்பி அனுப்பப்பட்டபோது காரணங்களில் ஒன்றாகக் காட்டப்பட்டதும் அந்தப் பழைய மக்கள்தொகைதான்.

நாள் கணக்கு ஏன் இவ்வளவு முக்கியம் என்பதை ஒரு எளிய கூட்டல் கழித்தலில் பார்க்கலாம். கட்டட வேலைக்குப் போகும் ஒருவருக்கு நாள் கூலி 600 ரூபாய் என்றும், வீட்டில் நான்கு பேர் என்றும் வைத்துக்கொள்வோம். மாதம் 15 நாள் வேலை கிடைத்தால் 9,000 ரூபாய், தலைக்கு 2,250 ரூபாய். டெண்டுல்கர் குழுவின் முறைப்படி 2011-12இல் தமிழக நகரங்களுக்கு வகுக்கப்பட்ட வறுமைக் கோடு தலைக்கு மாதம் 937 ரூபாய். அதற்குப் பின் விலைவாசி ஏறத்தாழ இரட்டிப்பாகியிருப்பதைச் சேர்த்தால் இன்று அது 1,900 ரூபாயை ஒட்டி வரும். ஆக இந்தக் குடும்பம் ஏழைக் குடும்பம் இல்லை. அடுத்த மாதம் மழை பெய்து வேலை 12 நாளாகக் குறைகிறது. வருமானம் 7,200 ரூபாய், தலைக்கு 1,800 ரூபாய். குடும்பம் கோட்டுக்குக் கீழே இறங்கிவிட்டது. இரண்டு மாதங்களுக்கும் இடையே உள்ள வேறுபாடு மூன்று நாள் கூலி. அந்தக் கோடு உயிர் வாழ்வதற்கான கோடு மட்டுமே என்பதையும் மறக்கக் கூடாது. 2022-23 குடும்ப நுகர்வுச் செலவு ஆய்வில் தமிழக நகரவாசி ஒருவரின் சராசரி மாதச் செலவு 7,630 ரூபாய். நான்கு பேர் கொண்ட குடும்பம் அந்தச் சராசரியைத் தொட வேண்டுமானால், 600 ரூபாய்க் கூலியில் மாதம் 51 வேலை நாள்கள் வேண்டும். கணவனும் மனைவியும் ஆளுக்கு 25 நாளுக்கு மேல், அதுவும் ஒரே கூலியில் உழைத்தால்தான் அது நடக்கும். ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே கூலி தருகிற கட்டட மேஸ்திரி எங்கே இருக்கிறார்?

வேலை இல்லாத நாள்களை வேறொன்று வந்து நிரப்புகிறது. பத்தாயிரம் ரூபாய்க் கடனுக்கு வட்டியை முன்கூட்டியே பிடித்துக்கொண்டு மீதியைக் கையில் தந்து, நாளுக்கு 100 ரூபாய் வீதம் நூறு நாள் வசூலிக்கும் தண்டல் முறை மதுரைத் தெருக்களுக்குப் புதிதில்லை. இதில் வட்டி விகிதத்தைவிடக் கொடுமையானது தவணை முறை. வருமானம் விட்டு விட்டு வருகிறது. தவணையோ ஒரு நாளும் விடுவதில்லை. கந்துவட்டித் தடைச் சட்டம் 2003இலேயே வந்துவிட்டது. வழக்குகளும் பதிவாகின்றன. ஆனால், மழைக்காலத்தில் வருமானம் நின்றுபோகிற வீட்டுக்கு வேறு வழி ஒன்றைக் காட்டாமல், தண்டல்காரரை மட்டும் சட்டத்தால் விரட்டிவிட முடியாது. இப்போது அந்த இடத்தைப் பெண்கள் குழுவாகச் சேர்ந்து வாங்கும் கடன்கள் பிடித்திருக்கின்றன. வாரத் தவணை என்பதைத் தவிர, பெண்களுக்கு அதில் நிம்மதி அதிகமில்லை.

எந்த மாதத்தில் வேலை வற்றும் என்பது மதுரைக்காரர்களுக்கு நன்றாகத் தெரியும். ஆடியிலும் மார்கழியிலும் முகூர்த்தம் இல்லை. சமையல்காரர், பாத்திரம் கழுவுபவர், பந்தல் போடுபவர், மேளக்காரர், வேன் ஓட்டுநர் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் கை ஓய்ந்துவிடும். ஐப்பசி, கார்த்திகை மழையில் கட்டட வேலை நிற்கும், செங்கல் சூளைகள் அணையும். மல்லிகையின் கணக்கு வேறு மாதிரி. குளிர்காலத்தில் வரத்து குறைந்து, கிலோ விலை ஆயிரங்களில் ஏறும்போது செய்தித்தாள்கள் அதைத் தலைப்பாக்குகின்றன. ஆனால் எடைக்கு இவ்வளவு என்று பூக் கட்டிக் கூலி வாங்கும் பெண்களுக்குக் கட்டுவதற்குப் பூ இருக்காது. கோடையில் பூ குவியும்போது வலையங்குளம் பக்கத்து விவசாயிக்குப் பறிகூலிகூடத் தேறாது. 2013இல் மதுரை மல்லிக்குக் கிடைத்த புவிசார் குறியீடு பூவுக்குப் பெயர் தந்தது. பறிப்பவருக்கும் கட்டுபவருக்கும் வேலை நாள்களைக் கூட்டித் தரவில்லை. நகரத்தைச் சுற்றியுள்ள சமவெளியும் இந்தக் கணக்கின் ஒரு பகுதிதான். 1895 முதல் பெரியாறு அணைத் தண்ணீரை நம்பியிருக்கும் வாடிப்பட்டி, மேலூர் வயல்களுக்குக் கால்வாயில் தண்ணீர் திறப்பது தாமதமானால், நடவுக்குப் போக வேண்டியவர்கள் நகரப் பேருந்தில் ஏறுகிறார்கள். உசிலம்பட்டி, பேரையூர் மானாவாரி நிலங்களில் மழை பொய்த்தாலும் இதேதான். வேலை குறைவாக இருக்கும் நேரத்தில்தான் வேலைக்கு வரும் கைகள் அதிகமாகின்றன. அப்போது கூலியைப் பேசுகிற பலம் யாரிடம் இருக்கும்?

மதுரை எப்போதும் இப்படி இருந்ததில்லை. 1892இல் ஓடத் தொடங்கிய ஹார்வி மில் முதல், கருமுத்து தியாகராசர் எழுப்பிய ஆலைகள் வரை, பஞ்சாலைகள் இந்த ஊருக்குத் தந்தவற்றில் முதன்மையானது சம்பளத் தேதி. அந்தக் காலத்தைப் பொற்காலமாக்க வேண்டியதில்லை. மில்லுக்குள் இருந்த நிலைமையால்தான் 1918இல் வழக்கறிஞர் ஜார்ஜ் ஜோசப்பின் துணையோடு தொழிலாளர்கள் இங்கே சங்கம் அமைத்தார்கள். கூலியும் வேலை நேரமும் போராடிப் பெற்றவை. ஆனால் சம்பளத் தேதி உறுதியானதும் ஒரு குடும்பத்தில் பல காரியங்கள் நடந்தன. மளிகைக் கடையில் கணக்கு வைக்க முடிந்தது, வைப்பு நிதியிலிருந்து மகள் கல்யாணத்துக்குப் பணம் எடுக்க முடிந்தது, பையனைப் பத்தாம் வகுப்போடு நிறுத்தாமல் மேலே படிக்க வைக்க முடிந்தது. மில் தொழிலாளர்களுக்காக உருவான ஹார்விபட்டி போன்ற குடியிருப்புகள் அந்தச் சம்பளத் தேதியின் மேல் கட்டப்பட்டவை. பிறகு பஞ்சாலைகள் சுருங்கின, சில மூடின. ஊரகப் பகுதியில் அலங்காநல்லூர் கூட்டுறவுச் சர்க்கரை ஆலையும் 2019க்குப் பிறகு அரவை இல்லாமல் நிற்கிறது; கரும்பு விவசாயிகள் திறக்கச் சொல்லிப் போராடிக்கொண்டிருக்கிறார்கள். 1911இல் மதுரையில் தொடங்கிய டிவிஎஸ் குழுமத்தின் வழிவந்த ரப்பர், டயர் ஆலைகளும் கப்பலூர், கே.புதூர் தொழிற்பேட்டைகளும் இன்றும் மாதச் சம்பளம் தருகின்றன. ஆனால், நகரம் வளர்ந்த அளவுக்கு அவை வளரவில்லை. அந்த இடைவெளியைக் கடை, ஓட்டல், கட்டடம், வீட்டு வேலை, டெலிவரி ஆகியவை நிரப்பின. வேலைகளின் எண்ணிக்கை குறையவில்லை. சம்பளத் தேதி மட்டும் காணாமல் போனது.

பெண்களின் வேலையில் இது இன்னும் கூர்மையாகத் தெரியும். சுங்குடிச் சேலைக்கு 2005இலேயே புவிசார் குறியீடு கிடைத்துவிட்டது. உண்மையான சுங்குடியில் ஆயிரக்கணக்கான முடிச்சுகளைக் கையால் போட வேண்டும். அதைப் பெரும்பாலும் பெண்கள் வீட்டில் இருந்தபடி, சேலைக்கு இவ்வளவு என்ற கூலிக்குப் போடுகிறார்கள். எத்தனை மணி நேரம் ஆனது என்று யாரும் குறித்து வைப்பதில்லை. குறைந்தபட்சக் கூலிச் சட்டத்தின் பார்வை வீட்டுத் திண்ணை வரை எட்டுவதில்லை. அச்சுச் சேலை மலிவாக வந்து குவிந்த பிறகு, முடிச்சுக்கான கூலியைக் கூட்டிக் கேட்கவும் முடிவதில்லை. இப்படிச் சம்பாதிக்கும் பெண்ணை ‘குடும்ப வருமானத்துக்குத் துணை செய்பவர்’ என்று எழுதுகிறோம். கட்டட வேலை இல்லாத கார்த்திகை மாதத்தில் காம்பவுண்டு வீட்டு வாடகையைக் கட்டுவது அந்தத் துணை வருமானம்தான்.

இந்த வாதத்துக்கு வரக்கூடிய மறுப்புகளைத் தட்டிக்கழிக்க முடியாது. முதலாவது: தமிழகத்தில் வறுமை ஏறத்தாழ ஒழிந்துவிட்டதே? நிதி ஆயோக் 2023இல் வெளியிட்ட பன்முக வறுமைக் குறியீட்டின்படி, 2015-16இல் 4.76 சதவீதமாக இருந்த வறியவர் பங்கு 2019-21இல் 2.20 சதவீதமாகக் குறைந்திருக்கிறது. இது பெரிய சாதனை. ரேஷன் கடையும் சத்துணவும் அரசு மருத்துவமனையும் சேர்ந்து செய்த சாதனை. 2022 செப்டம்பர் 15 அன்று காலை உணவுத் திட்டம் தொடங்கப்பட்டது மதுரையில் உள்ள மாநகராட்சிப் பள்ளியில்தான். 2023 செப்டம்பரில் ஒரு கோடிக்கும் அதிகமான பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய் உரிமைத் தொகை தொடங்கியது. 600 ரூபாய்க் கூலிக் குடும்பத்துக்கு அது ஒன்றரை நாளுக்கும் சற்று அதிகமான கூலி. அதை இலவசம் என்று இகழ்பவர்கள் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்க வேண்டும். ஆனால், பன்முக வறுமைக் குறியீட்டின் 12 அளவீடுகளில் வருமானம் ஒன்றாக இல்லை. பள்ளிப் படிப்பு, கழிப்பறை, சமையல் எரிவாயு, வங்கிக் கணக்கு ஆகியவை இருக்கின்றனவா என்று அது பார்க்கிறது. கணக்கு இருக்கிறதா என்று கேட்கும் குறியீடு, கணக்கில் என்ன இருக்கிறது என்று கேட்பதில்லை. அரசு கொடுப்பவை மேம்பட்டிருக்கின்றன. உழைத்து ஈட்டுவது உறுதியாகவில்லை. இந்த இரண்டையும் ஒன்றாக்கிப் பேசும்வரை, மதுரையின் வறுமை கண்ணுக்குத் தெரியாது.

இரண்டாவது மறுப்பு முதலாளிகளிடமிருந்து வருவது: ஆள் தேடி அலைகிறோம், உள்ளூரில் யாரும் வருவதில்லை, வடமாநிலத்தவரை வைத்துத்தான் ஓட்டுகிறோம். இதில் உண்மை உண்டு. ஓட்டல் சமையலறையிலும் கட்டடத் தளத்திலும் அது தெரிகிறது. ஆனால், அங்கே கேட்கப்படுவது என்ன என்று பார்க்க வேண்டும். வேலையிடத்திலேயே தங்கி, பன்னிரண்டு மணி நேரம், வாரம் ஏழு நாளும் நிற்கக்கூடிய ஆளைக் கேட்கிறார்கள். பீகாரிலிருந்தோ ஒடிசாவிலிருந்தோ குடும்பத்தை விட்டு வந்த இளைஞருக்குச் சில மாதங்களுக்கு அது முடியும். அனுப்பானடியில் பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு வரும் பெண்ணால் முடியாது. நேரமும் போக்குவரத்தும் ஒத்துவந்தால் உள்ளூர்க்காரர்கள் வருகிறார்கள் என்பதற்குச் சான்று கண்முன் இருக்கிறது. 2021 மே மாதம் முதல் சாதாரண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை என்றானதும், திருமங்கலத்திலிருந்தும் ஒத்தக்கடையிலிருந்தும் நகரத்துக்குள் வேலை தேடிவரும் எல்லை பெண்களுக்கு விரிந்தது. நாள் கூலியில் பேருந்துக் கட்டணம் ஒரு பெரிய பங்கு என்பதை அந்தத் திட்டம்தான் பலருக்கும் புரியவைத்தது. இன்னொன்று, கூலியை உயர்த்தினால் சிறு தொழில்கள் மூடிவிடும் என்ற அச்சம். மதுரையின் முதலாளிகளில் பலரும் இரண்டு மூன்று பேரை வைத்துப் பட்டறை நடத்துபவர்கள், தாங்களே கடனில் இருப்பவர்கள். அவர்கள் தலையில் முழுச் சுமையையும் ஏற்ற முடியாது என்பதை ஒப்புக்கொள்கிறேன். அதனால்தான் தொடக்கம் அரசிடமிருந்து வர வேண்டும்.

பெரிய திட்டங்கள் வந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்ற நம்பிக்கையையும் அளந்துதான் பார்க்க வேண்டும். தோப்பூர் எய்ம்ஸ் மருத்துவமனை 2015 ஒன்றிய பட்ஜெட்டில் தமிழகத்துக்கு அறிவிக்கப்பட்டு, 2019 ஜனவரியில் அடிக்கல் நாட்டப்பட்டு, 2024இல்தான் கட்டுமானம் தொடங்கியது. இலந்தைக்குளத்திலும் வடபழஞ்சியிலும் எல்காட் தகவல் தொழில்நுட்ப வளாகங்கள் வந்து பல ஆண்டுகள் ஆன பிறகும், மதுரைக் கல்லூரிகளில் படித்த பொறியாளர்களில் பெரும்பகுதியினர் சென்னைக்கும் பெங்களூருக்கும்தான் ரயிலேறுகிறார்கள். 2025இல் மாட்டுத்தாவணி அருகே டைடல் பூங்காவுக்கு அடிக்கல் நாட்டியாகிவிட்டது. அது விரைவில் எழ வேண்டும். பட்டதாரிகள் ஊரிலேயே தங்குவது ஊருக்கு நல்லது. ஆனால், தகவல் தொழில்நுட்பப் பூங்காவின் வாசலில் சித்தாளுக்குக் கிடைக்கப்போவது துப்புரவும் காவலும்தான். அவையும் ஒப்பந்த வேலைகளாக இருந்தால், சம்பளத் தேதி மீண்டும் நழுவிவிடும்.

வேலை இல்லாத நாள்களை எப்படி ஈடுகட்டுவது என்ற கேள்விக்கு ஊரகத்தில் ஒரு விடை இருந்தது. 2005ஆம் ஆண்டின் ஊரக வேலை உறுதிச் சட்டம் தந்த நூறு நாள் வேலை, ஒரு குடும்பம் தன் வேலையில்லா நாள்களுக்கு அரசிடம் உரிமையாகக் கேட்கக்கூடிய ஒன்றைத் தந்தது. 2025 டிசம்பரில் நாடாளுமன்றம் அதற்கு மாற்றாக நிறைவேற்றிய சட்டம் 125 நாள் என்கிறது. அதுவும் ஊரகத்துக்கு மட்டும்தான். 2011இல் மதுரை மாநகராட்சி 72 வார்டுகளிலிருந்து 100 வார்டுகளாக விரிந்தபோது, வண்டியூர், உத்தங்குடி, திருப்பாலை, நாகனாகுளம் போன்ற ஊராட்சிகள் நகரத்துக்குள் வந்தன. ஒரே அரசாணையில் அங்கிருந்த கூலிக் குடும்பங்கள் அந்த உரிமையை இழந்தன. நகரத்து வரியும் வாடகையும் மட்டும் வந்து சேர்ந்தன. இப்போதும் மாநகராட்சியோடு இணைக்காதீர்கள் என்று கிராமத்தார், அதிலும் பெண்கள், மனுக்களோடு ஆட்சியர் அலுவலகத்துக்கு வருவதை, வளர்ச்சியை எதிர்க்கும் அறியாமை என்று சொல்வது அநியாயம். அவர்கள் தங்கள் வேலை நாள்களைக் காப்பாற்றப் பார்க்கிறார்கள்.

நகர்ப்புறத்துக்கும் இப்படி ஒரு வேலை உறுதி வேண்டும் என்பதைத் தமிழக அரசே ஒப்புக்கொண்டிருக்கிறது. பொருளியலாளர் சி.ரங்கராஜன் தலைமையிலான குழு 2020இல் பரிந்துரைத்ததன் தொடர்ச்சியாக, 2022இல் 100 கோடி ரூபாயில் நகர்ப்புற வேலைவாய்ப்புத் திட்டம் சோதனை முயற்சியாக வந்தது. தொகை முழுவதும் கூலிக்கே போய், நாளுக்கு 400 ரூபாய் கொடுத்தால்கூட, மாநிலம் முழுவதற்கும் 25 லட்சம் மனித நாள்கள்தான் கிடைக்கும். மதுரையில் மட்டும் 50,000 குடும்பங்களுக்கு, வேலை வற்றும் மாதங்களில் 30 நாள் தர வேண்டுமானால் 15 லட்சம் மனித நாள்கள், 60 கோடி ரூபாய் கூலி. ஒரு மேம்பாலத்தின் செலவை எண்ணிப் பார்ப்பவர்களுக்கு இது எட்டாத தொகை இல்லை. குளத்தோரம் குப்பை பொறுக்கிவிட்டுக் கையெழுத்துப் போடும் வேலையாக முடிந்துவிடும், போலிப் பெயர்கள் நுழையும் என்று சொல்வார்கள். இந்த ஐயத்துக்கு முகாந்திரம் இருக்கிறது. அதனால்தான் பணமாகக் கொடுப்பதைவிட வேலையாகக் கொடுப்பது மேல். தேவை இல்லாதவர் வெயிலில் மண் அள்ள வர மாட்டார். உடல் முடியாத மூத்த தொழிலாளர்களுக்கு மட்டும் நேரடி உதவி. அதற்கும் முன்மாதிரி இருக்கிறது. மீன்பிடித் தடைக்காலத்துக்கு மீனவக் குடும்பங்களுக்கு 8,000 ரூபாய் தருகிறோம். மழை மாதங்களில் உப்பளத் தொழிலாளர்களுக்கு 5,000 ரூபாய் தருகிறோம். கடலும் உப்பும் ஓய்கிற காலத்தை ஏற்கும் அரசு, அதே மழையில் நிற்கும் கட்டட வேலையை ஏன் ஏற்கக் கூடாது? கட்டுமானச் செலவில் ஒரு சதவீதத்தை நல வரியாக வசூலித்து வைத்திருக்கும் துறைக்கு நிதி எங்கே என்ற கேள்வியும் எழாது.

செய்வதற்கு வேலை இருக்கிறதா என்ற கேள்விக்கு 2024 அக்டோபர் 25 பதில் சொல்லிவிட்டது. அன்று பெய்த மழையில் செல்லூர்ப் பகுதி மூழ்கியது. பந்தல்குடி வாய்க்கால் தாங்கவில்லை. கிருதுமால் நதி, செல்லூர்க் கண்மாய், வண்டியூர்க் கண்மாய் என்று நகரத்துக்குள்ளேயே மழைக்கு முன் தூர்வார வேண்டியவை ஏராளம். அதற்கு ஏற்ற காலம் ஆடியும் ஆவணியும். முகூர்த்தம் இல்லாமல் பந்தல்காரருக்கும் சமையல் உதவியாளருக்கும் கை ஓய்கிற ஆடியும் அதுதான். மாநகராட்சி இன்று இந்தப் பணிகளை இயந்திர ஒப்பந்தங்களாக விடுகிறது. மண் அள்ளும் இயந்திரம் தேவைப்படும் இடத்தில் அது இருக்கட்டும். கரையைச் சீராக்குதல், கிளை வாய்க்கால்களைத் துடைத்தல், நாற்று வளர்த்தல், மரம் நடுதல் ஆகியவற்றை வார்டுதோறும் பதிவு செய்த தொழிலாளர்களுக்கு, ஆண் பெண் இருவருக்கும் ஒரே கூலியில், பதினைந்து நாளுக்கு ஒருமுறை தவறாமல் கணக்கில் ஏறும் விதத்தில் ஒதுக்கலாம். அதே கையோடு மாநகராட்சியும் அரசு மருத்துவமனைகளும் தங்கள் தூய்மை, காவல் பணிகளை ஒப்பந்தத்துக்கு விடும்போது, மாதத்தின் இன்ன தேதியில் சம்பளம், இத்தனை வைப்பு நிதி என்பதை ஒப்பந்தத்தின் முதல் நிபந்தனையாக்க வேண்டும். சொந்தத் தூய்மைப் பணியாளர்களே உரிய கூலி கேட்டுத் தெருவில் அமர்கிற மாநகராட்சி, தனியார் கடைக்காரரிடம் குறைந்தபட்சக் கூலி பற்றிப் பேச முடியாது. 2027 கணக்கெடுப்பு வரும்வரை காத்திருக்கவும் தேவையில்லை. 100 வார்டுகளிலும் கூலி வேலைக்குப் போகும் குடும்பங்களிடம் கடந்த மாதம் எத்தனை நாள் வேலை கிடைத்தது என்று ஆண்டுக்கு நான்கு முறை கேட்டு, விடையை வரவு செலவுத் திட்டத்தோடு மன்றத்தில் வைப்பதற்கு மேயருக்கும் ஆணையருக்கும் டெல்லியின் அனுமதி வேண்டியதில்லை. அடுத்த ஆடிக்குள் முதல் கணக்கை எடுத்துவிடலாம்.